ஹனுக்கா சாமான் தேடிக் கடை கடையாக அலைந்த அனுபவம் உண்டா? இங்கே எழுதுங்கள்

ஒஹாயோ_தாத்தா:

மருமகள் யூதப் பெண் என்று முன்பே இங்கே சொல்லியிருக்கிறேன். 2021-ல் ஹனுக்கா, அதாவது எட்டு ராத்திரி விளக்கேற்றும் யூதப் பண்டிகை, ரொம்ப முன்னால் வந்துவிட்டது. நவம்பர் 28 மாலையே முதல் விளக்கு, அதாவது தேங்க்ஸ்கிவிங் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. மகன் வீட்டில் மெனோரா என்ற விளக்குத்தண்டு இருக்கிறது, மெழுகுவர்த்தி இல்லை. பேரனுக்கு விவரம் தெரிந்து வரும் முதல் ஹனுக்கா வேறு. "வரும்போது ஒரு டப்பா வாங்கிட்டு வந்துடுங்கப்பா" என்று போன் செய்தான்.

போன கடையிலெல்லாம் கிறிஸ்துமஸ் மரம் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஹனுக்கா என்று கேட்டால் நீலக் கலர் பனிமனிதனைக் காட்டுகிறார்கள். கடைசியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், கோஷர் (யூத உணவு முறைக்கு உகந்த) சாமான் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரே ஒரு டப்பா. நான் குனிவதற்குள் ஒரு அம்மா எடுத்துவிட்டார். எண்பது வயது இருக்கும். என் முகத்தைப் பார்த்து "யாருக்கு?" என்று கேட்டார். பேரனுக்கு என்றேன். ஒன்றும் சொல்லாமல் பில் போடப் போய்விட்டார்.

வெளியே வந்தால் பார்க்கிங்கில் எனக்காக நிற்கிறார். கையுறையைக் கழற்றிவிட்டு, கார் பானெட் மேல் டப்பாவைப் பிரித்தார். முதல் நாள் ஒன்று, தினமும் ஒன்று கூடும், அவற்றை ஏற்றி வைக்க தினமும் இன்னொன்று; ஆக எட்டு நாளுக்கும் சேர்த்து அதில் 44 மெழுகுத்திரி வரும். "முதல் ஐந்து ராத்திரிக்கு 20 போதும், அந்த அளவு போன வருஷத்து மிச்சம் வீட்டில் இருக்கிறது. கடைசி மூன்று ராத்திரிக்குத்தான் எனக்கு 24 வேண்டும். நீங்கள் இருபதை எடுத்துக்கொண்டு போங்கள், ஆறாம் நாளுக்குள் எங்காவது கிடைத்துவிடும்" என்றார். சொல்லிவிட்டு எண்ண ஆரம்பித்தார். சும்மா பிரித்துக் கொடுக்கவில்லை. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி என் பக்கம் வைத்தார். தன் பக்கம் வெள்ளையும் நீலமுமாக மிஞ்சியது. குழந்தைக்குக் கலர் வேண்டுமாம். காசு கொடுக்கப் போனேன், கையைத் தள்ளிவிட்டார்.

அவர் வீட்டில் நிஜமாகவே மிச்சம் இருந்ததா, இல்லை எனக்காகச் சொன்னாரா? இன்று வரைக்கும் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

மாலைநேர_ஷிஃப்ட்:

தாத்தா, நான் அந்தப் பக்கம் நிற்பவள். பெரிய கடை, பெயர் வேண்டாம். எந்தத் தட்டில் எது என்று தலைமை அலுவலகத்திலிருந்து படம் போட்டு வரும், அப்படியே அடுக்க வேண்டும். ஹனுக்காவுக்கு வரிசையின் முனையில் நாலடி இடம், அவ்வளவுதான். அதிலும் பாதி மட்ஸா ரொட்டி. மட்ஸா வசந்த காலத்தில் வரும் பாஸ்கா என்ற வேறு யூதப் பண்டிகைக்குச் சாப்பிடுவது, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. படத்தில் இருந்தது, அடுக்கினோம்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெரியவர் வந்தார். மட்ஸா டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டு, கோஷர் வரிசைக்குக் கொண்டுபோய் அவரே அடுக்கினார். திரும்பி வந்து ஒரு மெனோராவை எடுத்து, அதன் கைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஏழு. டப்பாவில் பெரிதாக ஹனுக்கா என்று அச்சடித்திருந்தது. "எட்டு ராத்திரிக்கு எட்டு, ஏற்றி வைக்க ஒரு ஷமாஷ், ஆக ஒன்பது வேண்டும் அம்மா. இதை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படிப் பண்டிகை கொண்டாடுவார்?" என்று கேட்டார். கோபமே இல்லை. அதை அலமாரியிலிருந்து எடுக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. மேனேஜரிடம் சொன்னேன், படத்தில் இருந்தால் இருக்கட்டும் என்றார். அந்தப் பெரியவர் தாமே ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். எட்டு நாள் கொண்டாட முடியாத அதற்குக் காசு கொடுத்தது எதற்கு? கடையில் நாலு பேர் கண்ணில் படக்கூடாது என்பதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

வரலாறு_பிரியன்:

ஏழு கை தப்பே கிடையாது. எருசலேம் ஆலயத்து மெனோராவுக்கு ஏழு கைதான். ரோமில் டைட்டஸ் வளைவில் போர்வீரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போகிற சிற்பம் இருக்கிறதே, எண்ணிப் பாருங்கள். இஸ்ரேல் 1949-ல் எடுத்துக்கொண்ட அரசுச் சின்னத்திலும் ஏழுதான். கடைக்காரரை மட்டும் குறை சொல்லக்கூடாது.

என் அனுபவம் 2024-ல். டிசம்பர் 25 மாலைதான் முதல் விளக்கு. 26-ஆம் தேதி காலையில் பக்கத்துக் கடைக்குப் போனால், ஹனுக்கா சாமான் எல்லாம் கிறிஸ்துமஸ் மிச்சத்தோடு ஒரே தொட்டியில், பாதி விலை. பண்டிகையில் இன்னும் ஏழு ராத்திரி பாக்கி! ஒரு சின்னப் பையன் அம்மாவிடம், "நம்ம பண்டிகை முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டான்.

மாலைநேர_ஷிஃப்ட்:

சார், ஆலயத்தில் ஏழு என்பது எனக்கும் தெரியும். டப்பாவில் ஆலயம் என்று போட்டிருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? ஹனுக்கா என்று போட்டு விற்றார்கள். எட்டாம் நாள் எட்டாவது திரியை எங்கே வைப்பது? கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, படம் போட்டு அனுப்புகிறவர்களைச் சொல்கிறேன்.

எடிசன்_மாமி:

எனக்கு இந்த அலைச்சல் கிடையாது. நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் எடிசனை ஒட்டினாற்போல ஹைலண்ட் பார்க். யூதக் குடும்பங்கள் நிறைய, எல்லாம் கிடைக்கும். என் பெண்ணின் தோழிக்கு டிரைடல் என்ற எழுத்துப் போட்ட பம்பரம் வாங்கப் போனபோது, கடைக்கார அம்மா கல்லாவை விட்டு வந்து தரையில் உட்கார்ந்து, சுற்றுவது எப்படி, எந்த எழுத்து விழுந்தால் நடுவில் வைத்த பந்தயம் முழுக்கக் கிடைக்கும் என்று என் பெண்ணோடு விளையாடியே காட்டினார். பின்னால் வரிசை நின்றது, ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

சரி, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய கடைகளை நம்பாதீர்கள். பக்கத்தில் யூத ஜெபஆலயம் இருந்தால் பெரும்பாலும் உள்ளேயே சின்னப் பரிசுக்கடை இருக்கும், போன் செய்து நேரம் கேட்டுப் போங்கள். வெள்ளி மத்தியானத்துக்கு மேல் போகாதீர்கள், சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், திறக்கவே மாட்டார்கள். சபாத் (Chabad) என்ற யூத அமைப்பின் மையங்களில் தகர மெனோராவும் மெழுகுத்திரியும் சேர்த்து இலவசமாகவே கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். தகரம் சூடாகும், கீழே அலுமினியத் தாள் விரியுங்கள். கோஷர் வரிசையில் கண்ணாடி டம்ளருக்குள் பெரிய மெழுகு ஒன்று வருஷம் முழுக்க இருக்கும். அது இறந்தவர் நினைவு நாளுக்கு 24 மணி நேரம் எரிய விடுவது, அலங்காரம் என்று நினைத்து யாருக்கும் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். டப்பா மெழுகு அரை மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் ஓய்வு நாள் தொடங்கிவிடும், அதற்கு முன்பே ஏற்றி, இருட்டிய பிறகும் எரிய வேண்டும், அதனால் அன்றைக்கு மட்டும் நீளமானது வாங்குங்கள். எதுவுமே கிடைக்கவில்லையா? நம்ம அகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலிவ் எண்ணெயும் பஞ்சுத் திரியும் அவர்களுக்கு மெழுகைவிட விசேஷம். ஆனால் குத்துவிளக்கு மாதிரி வட்டமாக வைக்கக்கூடாது. எட்டும் ஒரே மட்டத்தில் நேர் வரிசை, ஒன்பதாவது ஷமாஷ் மட்டும் உயரமாகவோ தள்ளியோ. வலப்பக்கத்திலிருந்து அடுக்கி, புதிதாக வைத்ததை முதலில் ஏற்றி, இடமிருந்து வலமாகப் போக வேண்டும். ஜன்னலில் வைத்தால் ரொம்ப நல்லது, தெருவில் போகிறவர்கள் பார்க்கத்தான் அந்த விளக்கே.

ஸ்கார்பரோ_அண்ணா:

மாமி சொன்ன எல்லாம் சரி, ஆனால் நெருப்பே கொளுத்த ஏலாத இடமும் இருக்கு. நான் வேலை செய்யிறது முதியோர் இல்லத்தில். ஒக்சிஜன் போட்ட ஆட்கள் இருக்கிறபடியால் மெழுகுதிரிக்குத் தடை. என்னுடைய பொறுப்பில் இருந்த அம்மாவின் மகன் வான்கூவரில். டொராண்டோவில் யூதர் நிறைய இருக்கிற பாதர்ஸ்ட் தெருப் பக்கம் போயிருந்தால் நல்லது கிடைத்திருக்கும், வேலை முடிய எனக்கு நேரமில்லை. வழியில் இருந்த மருந்துக்கடையில் பற்றரி மெனோரா ஒன்றுதான் கிடைத்தது. கொண்டுவந்து சுவிட்சைப் போட்டால் ஒன்பதும் ஒரேயடியாகப் பத்துது! அம்மா தலையை மற்றப் பக்கம் திருப்பிவிட்டா.

சமையலறையில் ஈயத்தாள் வாங்கி, முதல் நாளுக்கு உரியதையும் ஷமாஷையும் விட்டு மற்ற ஏழு பல்பையும் சுற்றி மூடினேன். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு தாளை அவவே நகத்தால் கிளப்பி உரிப்பா. கை நடுங்கும், நான் தொட்டால் விடமாட்டா. ஐந்தாம் நாள் எனக்கு லீவு. கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனேன். அடுத்த நாள் வந்தால் தாள் அப்படியே இருக்கு. மாறி வந்த பிள்ளை வாசிக்கவேயில்லை. அம்மா இரண்டையும் சேர்த்து உரித்துவிட்டு, "நேற்றையது எரியவில்லை" என்று மட்டும் சொன்னா. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒஹாயோ_தாத்தா:

அண்ணா, அந்த ஈயத்தாள் யோசனையை அப்படியே எங்கள் ஊர் முதியோர் இல்லத்துக்கும் சொல்லப்போகிறேன். சொல்ல மறந்துவிட்டேன், அந்த வருஷம் மிச்சத் திரி ஆறாம் நாளுக்குள் கிடைத்துவிட்டது, மருமகளின் தோழி அனுப்பினாள்.

பிளேனோ_புதுசு:

டல்லாஸ் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நீல, வெள்ளித் தோரணம் வேண்டும். இங்கே கேட்டால் பிறந்தநாள் தோரணத்தைக் காட்டுகிறார்கள்.

எடிசன்_மாமி:

ரிச்சர்ட்சன் பக்கமோ வடக்கு டல்லாஸிலோ ஜெபஆலயப் பரிசுக்கடை எது என்று விசாரியுங்கள். 2026-ல் டிசம்பர் 4 மாலையே தொடக்கம், அதுவும் வெள்ளிக்கிழமை. நவம்பரிலேயே போய்விடுங்கள், நீள மெழுகையும் மறக்காதீர்கள்.