கோவளம் பாறையில் சங்கு பொறுக்கப் போன கதை (உங்க கதையையும் சொல்லுங்க)

களியக்காவிளையிலிருந்து கேரளத்துக் கோவளத்துக்கு பைக்கில் ஒரு மணி நேரம்தான். இத்தனை வருஷத்தில் அங்கே நான் பார்த்தது மணலும், சிவப்பும் வெள்ளையுமாய் நிற்கும் கலங்கரை விளக்கமும்தான். தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தது போன ஜனவரியில், அதுவும் துபாயிலிருந்து வந்த மச்சான் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் கொண்டுவந்ததால்.

ஜனவரி என்று சும்மா சொல்லவில்லை. ஆனி ஆடியில் கடல் கலங்கிக் கிடக்கும், அலை ஆளைத் தூக்கிப் பாறையில் அடிக்கும். டிசம்பர் பாதிக்கு மேல் பிப்ரவரி வரை நல்ல தெளிவு, அதிலும் காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால். ஆறரைக்கே இறங்கிவிட்டோம்.

முதல் அரை மணி நேரம் வீண். கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மீசை வழியாகத்தான் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே அவ்வளவு நேரம் ஆனது, அதற்காக மீசையை எடுக்க முடியுமா, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி வடித்துவிட்டு மறுபடி குனிந்தேன். அப்புறம் பார்த்தால் பாறை முழுக்க சிப்பி. நம்ம ஊர்ச் சந்தையில் குவித்து விற்கும் அதே தவிட்டு நிறச் சிப்பி, நார் நாராய் நூல் விட்டுப் பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடுக்குகளில் கறுப்பாக முள்முள்ளாய் கடல் முள்ளெலி. கால் வைத்தால் முடிந்தது, முள் உள்ளேயே ஒடிந்துவிடும். செருப்பில்லாமல் இறங்காதீர்கள்.

உள்ளங்கை அளவில் ஒரு சங்கு தெரிந்தது என்று மூச்சுப்பிடித்து எடுத்தால் கையில் வந்தது அதைவிடச் சின்னது. கண்ணாடி வழியாக நீருக்குள் பார்த்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியுமாம். மச்சான் வீட்டுக்கு வந்தபிறகு சொல்கிறான்.

பக்கத்தில் சிப்பி எடுக்கும் சேட்டன் ஒருவர் இருந்தார். இடுப்பில் வலைப்பை, கையில் தட்டை இரும்பு, முங்கினால் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆள் வெளியே வரமாட்டார். நான் கூம்பு மாதிரி, பழுப்பில் வலை போட்டது போலக் கோலமிட்ட ஒரு அழகான சங்கை எடுத்து நிக்கர் பாக்கெட்டில் போடப் போனேன். "விடு, விடு!" என்று கையைத் தட்டிவிட்டார். தமிழும் மலையாளமும் கலந்து ஒரு திட்டு வேறு. கூம்புச் சங்கு உயிரோடிருந்தால் ஈட்டி போன்ற பல்லால் குத்தி விஷம் ஏற்றும். அந்த இனங்களில் சில மனிதரையே கொன்றிருக்கின்றன, மாற்று மருந்து கிடையாது. நான் அதைத் தொடை பக்கத்தில் வைத்துக்கொண்டு பைக்கில் வந்திருப்பேன்!

அடுத்த தப்பு சோழி. பளபளவென்று இருந்த நாலைந்தை எடுத்து வந்தேன். அந்தப் பளபளப்பே உள்ளே இருக்கும் பூச்சி தன் சதையை வெளியே விட்டு ஓட்டைப் போர்த்திக்கொள்வதால் வருவது, அதாவது பளபளத்தால் உயிரோடு இருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் அம்மா அலமாரியோடு வெளியே வைத்துவிட்டார்கள். இப்போது கரையில் ஒதுங்கிக் கிடக்கும் காலி ஓடு மட்டும்தான் எடுப்பது. பவளத் துண்டு கிடைத்தாலும் தொடுவதில்லை, 2001-லிருந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது.

சரி, யாருக்கு என்ன ஆச்சு?

பாறசாலைக்காரன்: காலி ஓடுன்னும் நம்பாதீங்க அண்ணே. முட்டத்துல பொறுக்கின சங்கை கவர்ல போட்டு பஸ்ல ஏறினேன். தக்கலை தாண்டும்போது முன் சீட்டு அக்கா கத்தினாங்க. பார்த்தா சங்கு நடந்து போகுது, உள்ளே சந்நியாசி நண்டு. கண்டக்டர் வண்டியை நிறுத்தி அடுத்த ஸ்டாப்பிலேயே என்னை இறக்கிவிட்டுட்டார், நண்டோட சேர்த்து. சங்கோட வாய் மேல பார்க்கிற மாதிரி கையில வச்சு ரெண்டு நிமிஷம் அசையாம பார்த்தா, உள்ளே நண்டு இருந்தா கால் எட்டிப் பார்க்கும், அப்போ விட்டுடணும்.

குளச்சல் அக்கா: தம்பிகளா, ஜனவரி தெளிவை நம்பி மே மாசமும் போயிடாதீங்க. காற்றே இருக்காது, கடல் குளம் மாதிரி கிடக்கும், திடீர்னு அலை பொங்கி கரையேறும். கள்ளக்கடல்னு எங்க ஊர்ல சொல்றது அதைத்தான். எங்கேயோ தெற்கே இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயலோட அலை நாள்கணக்கா நீந்தி இங்க வந்து சேருது. 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்கள் உயிர் போனது அப்படித்தான். அன்னைக்கு கடலுக்குப் போகாதேன்னு எச்சரிக்கை இருந்துச்சு. எங்க வீட்டுல வள்ளம் இறக்காத நாள்ல பாறைக்கும் யாரும் போறதில்ல. மீன்காரங்க கரையில உட்கார்ந்து வலை பின்னிட்டு இருந்தா, நீங்களும் பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சிட்டு வந்துடுங்க.