புதுப்பிப்பு: பூவாறு பொழிமுகத்தில் கொடுவாவுக்கு ஏற்ற இரை

நெய்யாறு கடலில் சேரும் பூவாற்றில், நீர் வேகமாக இறங்கும்போது கொடுவா மீனுக்கு எந்தச் செயற்கை இரை ஏற்றது என்று கேட்டிருந்தேன். எடையைக் கூட்டச் சொன்ன அண்ணன்மாருக்கு மிக்க நன்றி, அதுதான் சரி. மிதக்கும் இலேசான பொம்மை மீன் ஓட்டத்தில் பக்கவாட்டில் சாய்ந்து மேலே வந்துவிடுகிறது. 20 கிராம் ஈயத்தலை ஜிக்கில் (தலையில் ஈயக் குண்டு உள்ள தூண்டில் முள்) ரப்பர் மீனைக் கோத்து, ஓட்டத்துக்கு எதிராகச் சாய்வாக வீசினால் அடியைத் தொடுகிறது. தங்கூசியை (தூண்டில் நரம்பை) தொய்யவிடாதீர்கள், ஈயம் கல்லில் தட்டுவது விரலிலேயே தெரியும். பாறைக்குப் பின்னால் தண்ணீர் தளரும் இடத்தில், ஓட்டத்தைப் பார்த்தபடி கொடுவா காத்திருக்கும். இரை அந்த ஓரத்தைக் கடக்கும்போதுதான் கடிக்கிறது.

பெரிய மீன் சிக்கினால் தயவுசெய்து திருப்பி விடுங்கள். கொடுவா ஆணாக முதிர்ந்து, பிறகே பெண்ணாக மாறும். பெரியவை பெரும்பாலும் முட்டையிடுபவை.