தோட்டத்துத் தக்காளியை ஜாடியில் அடைத்து வைத்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நியூ ஜெர்சி:
ஆகஸ்ட் வந்துவிட்டது, தக்காளி கூடை கூடையாகப் பழுக்கிறது. ஃப்ரீசரில் இடமில்லை. பூண்டு, நல்லெண்ணெய் போட்டுச் சுண்டக் கிளறிய தொக்கை மேசன் ஜாடியில் (திருகுமூடிக் கண்ணாடி ஜாடி) அடைத்து, கொதிநீரில் மூழ்கவைத்து எடுத்தால் வருஷம் முழுக்க அலமாரியில் வைக்கலாமா?

டென்வர்:
தயவுசெய்து வேண்டாம் அக்கா. பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் 100 டிகிரி செல்சியஸ் கொதிநீரில் சாவதில்லை. காற்றில்லாத ஜாடிக்குள் முளைத்து விஷம் கக்கும். அதைத் தடுப்பது புளிப்புதான், புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4.6 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). தக்காளி அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. பூண்டு, வெங்காயம் சேர்ந்தால் புளிப்பு இன்னும் குறையும்.

நான் வெறும் தக்காளி சாஸ்தான் அடைக்கிறேன், அமெரிக்க விவசாயத் துறையின் அளவுப்படி. பைன்ட் ஜாடிக்கு (சுமார் அரை லிட்டர்) 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இல்லாவிட்டால் கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட். சாறு பாட்டிலில் வாங்கியதாக இருக்கட்டும், பிழிந்தால் பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் 35 நிமிஷம் கொதித்தால் போதும். எங்கள் ஊர் ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் 45 நிமிஷம். தாளிப்பெல்லாம் ஜாடியைத் திறக்கிற அன்றைக்குத்தான். கடுகும் பெருங்காயமும் அப்போது பொரிந்தால் வரும் மணம், மாசக்கணக்கில் ஊறிய தொக்கில் வராது என்பது என் கட்சி.

ஒஹாயோ:
2015 ஏப்ரலில் இங்கே லங்காஸ்டரில் ஒரு சர்ச் விருந்தில் சாப்பிட்ட 29 பேருக்கு பொட்டுலிசம் வந்தது. வீட்டில் கொதிநீர் முறையில் அடைத்த உருளைக்கிழங்கில் செய்த சாலட். அதைப் படித்த பிறகுதான் பிரஷர் கேனர் (ஜாடிகளை நீராவி அழுத்தத்தில் சூடாக்கும் பெரிய பாத்திரம்) வாங்கினேன். அதில் 240 டிகிரி பாரன்ஹீட் (சுமார் 116 செல்சியஸ்) ஏறும், வித்துகளும் அழியும். வெங்காயம், பூண்டு போட்ட ஸ்பகெட்டி சாஸை அதில்தான் அடைக்கிறேன், பைன்ட்டுக்கு 20 நிமிஷம். அதுவும் சோதித்து வெளியிட்ட செய்முறைக்கு மட்டுமே பொருந்தும் நேரம். கூட இரண்டு பிடி வெங்காயம் போட்டால் கணக்கு தப்பிவிடும். மூடி உப்பியிருந்தால் ருசிகூடப் பார்க்காதீர்கள். உப்பாத ஜாடியிலும் விஷம் இருக்கலாம், அதற்கு மணமும் கிடையாது, ருசியும் கிடையாது.

டெக்சஸ்:
ஊரிலிருந்து கொண்டுவந்த அஞ்சு லிட்டர் குக்கரில் செய்யலாமா? அதிலும் பிரஷர்தானே?

ஒஹாயோ:
கூடாது தம்பி. சின்னக் குக்கர் சட்டென்று சூடேறி சட்டென்று ஆறிவிடும். மெதுவாக ஏறி இறங்கும் சூட்டையும் சேர்த்துத்தான் அந்த 20 நிமிஷக் கணக்கு. குறைந்தது நாலு குவார்ட் ஜாடி (ஒவ்வொன்றும் சுமார் ஒரு லிட்டர்) கொள்ளும் கேனர் வேண்டும். இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரக் குக்கரும் ஆகாது.

நியூ ஜெர்சி:
நல்லவேளை, அடைப்பதற்கு முன்னாடி கேட்டேன். சனிக்கிழமை வெறும் சாஸ் மட்டும் போடுகிறேன், தொக்கு ஒரு சின்ன டப்பா அளவு கிளறி ஃப்ரிட்ஜுக்கு. சிட்ரிக் ஆசிட் இந்தியக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்பதுதானே?

டென்வர்:
அதேதான் அக்கா. பாக்கெட்டில் சிட்ரிக் ஆசிட் மட்டும்தான் இருக்கிறதா, வேறு ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.