பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர் என்ற முறையில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். என் பிள்ளைகள் அங்கே படிக்கவில்லை. ஆனாலும் நான் எழுதப் படிக்கக் கற்ற இடம் என்பதால் முழு மனதோடு ஒப்புக்கொண்டேன்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எங்கள் தலைவியும் ஒரு மாணவியின் அம்மாதான். ஆனால் கூட்டத்தில் பேசுவது தலைமை ஆசிரியரும் என்னைப் போன்ற இரண்டு மூன்று பேரும்தான். அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலைக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை, அரை நாள் கூலி போனால் யார் தருவார்கள்? ஆனால் கழிப்பறையில் தண்ணீர் வராததும், எந்தப் பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் இந்தக் குழுவின் பொறுப்பு. அதை அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதவே ஆசைப்படுகிறேன். கூட்ட நேரத்தை மாலைக்கு மாற்றியவர்கள், தெருத்தெருவாகப் போய்க் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், குழுவின் தீர்மானத்தைக் கிராம சபையில் வைத்து வேலை நடக்க வைத்த அனுபவம் இருந்தால் அவசியம் எழுதுங்கள். தீர்மானத்தின் வாசகம் கிடைத்தால் இன்னும் நல்லது.