‘அர்பன் ரீஜெனரேஷன்’: மீளுருவாக்கமா, மறுதுளிர்ப்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நலிந்துபோன பழைய நகரப் பகுதி மறுபடி உயிர் பெறுவதை ஆங்கிலத்தில் ‘அர்பன் ரீஜெனரேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று, நகரச் சுற்றுலாச் சொற்கோவைக்காகத் தொடங்கிய இந்த இழையை முதல் மடலிலிருந்து உட்கார்ந்து படித்தேன். என் பங்குக்கு ஒரு சொல் வைத்திருக்கிறேன். அதற்கு முன் இரண்டு மடல்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

> பல்லிக்கு வால் மறுபடி வளர்வதைப் பாடநூல் ‘இழப்பு மீட்டல்’ என்கிறது. அதையே இங்கும் எடுத்துக்கொள்ளலாமே.

ஐயா, உயிரியலுக்கு அது நல்ல சொல்தான். ஊருக்கு ஒட்டவில்லை. இழந்ததை இங்கே யாரும் மீட்பதில்லை. நின்றுபோன நூற்பாலைக்குள் நூலகம் வரலாம், உணவகம் வரலாம், நூல் நூற்கும் கதிர் மறுபடி சுற்றாது. கோவையைத் ‘தென்னிந்திய மான்செஸ்டர்’ என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். அந்த மான்செஸ்டரில் என்ன நடந்தது? 1830இல் திறந்த பழைய ரயில் நிலையத்தையும் அதன் கிடங்குகளையும் 1983இல் அறிவியல் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். பஞ்சாலைகள் பல குடியிருப்புகளாகிவிட்டன. இழந்த பஞ்சுத் தொழில் திரும்பி வரவில்லை. அதே செங்கல் சுவருக்குள் வேறொரு பிழைப்பு வந்தது. நம் அவிநாசி சாலை லட்சுமி மில் வளாகத்திலும் இன்று கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன.

> ‘நகர்ப்புற மீளுருவாக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஏன் மாற்ற வேண்டும்?

அம்மா, ‘நகர்ப்புற’ என்பதை ‘நகர’ என்று சுருக்கிக்கொள்ளலாம், அதில் சண்டை இல்லை. எனக்கு உறுத்துவது ‘உருவாக்கம்’. உருவாக்கு என்றதும் உருவாக்குபவர் ஒருவர் முன்னால் வந்து நின்றுவிடுகிறார். ஊர் வெறும் செயப்படுபொருள் ஆகிவிடுகிறது. ஒப்பந்தக்காரர் வந்து தளக்கல் பதித்து, விளக்குக் கம்பம் நட்டு, சுவருக்கு வண்ணம் பூசிவிட்டால் மீளுருவாக்கம் முடிந்தது என்று எழுதிவிடலாம். அந்த வீதியில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருப்பவருக்கு அந்தச் சொல்லுக்குள் இடமே இல்லை.

இது வீண் நுணுக்கம் அல்ல. அமெரிக்காவில் 1949 வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பின் ‘அர்பன் ரினூவல்’ என்ற பெயரில் பழைய குடியிருப்புகளை வரிசையாக இடித்தார்கள். ‘புதுப்பித்தல்’ என்ற நல்ல சொல் கடைசியில் இடிப்பு என்றே மக்கள் காதில் விழ ஆரம்பித்தது. பிற்பாடு பிரிட்டனில் பரவிய ‘ரீஜெனரேஷன்’ கட்டடத்தோடு வேலை, குடியிருப்பு, சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசியது. நமக்கு வேண்டியதும் அந்தப் பொருள்தான்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். எங்களுக்குக் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் பூமி உண்டு. கரும்பு வெட்டியதும் வயலை உழுதுவிட மாட்டோம். மண்ணோடு ஒட்டக் கட்டை சீவி, தண்ணீர் விட்டு, உரம் வைத்தால் போதும், பழைய வேரிலிருந்தே புதுத் துளிர் கிளம்பும். கட்டைக் கரும்பு என்போம். சில பக்கம் மறுதாம்பு என்பார்கள். துளிர் புதியது, வேர் பழையது. விவசாயி செய்வது உதவி மட்டும்தான், துளிர்ப்பது கரும்பின் வேலை. பழைய நகரம் உயிர் பெறுவதும் இப்படித்தான் நடக்க வேண்டும்.

‘மறுதாம்பு’ என்றே வைத்துவிடலாமா என்று யோசித்தேன். தாம்பு என்றால் கயிறு என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அதனால் ‘மறுதுளிர்ப்பு’. பழைய நகரங்களைப் பற்றிப் பேசும்போது ‘நகர மறுதுளிர்ப்பு’. இது தன்வினை என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘மில் நின்று இருபது ஆண்டுக்குப் பின் அந்தப் பேட்டை மறுதுளிர்த்தது.’ ‘மறுதுளிர்ப்புத் திட்டத்தில் வாடகைதாரர்களுக்கும் பங்கு உண்டு.’ நாக்கில் இடறவில்லை.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கட்டையை அடியோடு பறித்துவிட்டுப் புதுக் கரணை, அதாவது விதைக் கரும்புத் துண்டு, வைத்தால் அது மறுநடவு. பழைய வீதியைக் காலி செய்து, இருந்தவர்களை ஊர் எல்லைக்கு அனுப்பிவிட்டு, முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு விடுதி கட்டுவதை ‘நகர மறுநடவு’ என்று சொல்லிவிடலாம். இரண்டையும் ஒரே சொல்லால் மூடி மறைக்க முடியாது. வெனிஸின் பழைய நகரில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே போய்விட்டது. 2024 ஏப்ரலில், கூட்டம் மிகுந்த நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். ஒரு கல் இடியாமலே ஊர் காலியாகலாம். அங்கே போய் ‘மறுதுளிர்ப்பு’ என்று எழுத யாருக்கும் கை வராது.

கொங்குக்கு இது ஏன் அவசரம் என்றால், நம் ஊர்களின் பழைய நடுப்பகுதி கோயிலோடு நிற்பதில்லை. கோவையில் கோனியம்மன் கோயிலும் 1892இல் கட்டிய டவுன்ஹாலும் இருக்கும் அதே பகுதியில்தான் பெரிய கடை வீதியும் ஒப்பணக்கார வீதியும். போன மாதம் வெளியூர் நண்பர்கள் நான்கு பேரை அங்கே காலையில் மரபு நடையாகக் கூட்டிப்போனேன். ஒரு சந்தில் பழைய கடையைத் திறந்துகொண்டிருந்தார் ஒரு பெரியவர். கதவு என்று தனியாக இல்லை. சுண்ணாம்பால் எண் போட்ட ஒன்பது பலகைகள். ஒவ்வொன்றாகக் காடியிலிருந்து உருவி, வரிசை மாறாமல் சுவரில் சாத்தினார். ஏழாம் பலகை மட்டும் புதிது, நிறம் வெளுத்திருந்தது. அவ்வளவு நேரம் கோபுரத்தைப் படம் எடுத்தவர்கள் இதற்கு முன்னால் அசையாமல் நின்றார்கள். அந்தக் கடையே போய் முகப்பு மட்டும் மிஞ்சினால் பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

> கவிதைக்குச் சரி, அரசாணைக்கு ஆகுமா?

ஆகும். வங்கிக் ‘கிளை’ என்று அரசாணையில் தினமும் எழுதுகிறோம், எந்த மரத்துக் கிளை என்று யாரும் கேட்பதில்லை. ‘மறு’ என்றால் மச்சம் அல்லவா என்ற ஐயத்துக்கு, மறுமணம், மறுபிறப்பு என்ற சொற்களே போதும்.

தொடர்ந்து இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பழைய கட்டடத்தை இடிக்காமல் வேறு வேலைக்குத் தகவமைப்பதை ‘அடாப்டிவ் ரீயூஸ்’ என்கிறார்கள். ‘மாற்றுப் பயன்பாடு’ எனக்குப் போதவில்லை, கட்டடமே அதில் காணோம். பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் மில்லில் வேலை பார்த்த குடும்பத்தவர்கள் இந்தக் குழுமத்தில் சிலர் இருக்கிறீர்கள். சங்கு (மில் நேரம் சொல்லும் ஊதல்), லைன் வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு) மாதிரி உங்கள் வீட்டில் புழங்கிய சொற்களில், ஒரு கொட்டகையை வேறு வேலைக்கு மாற்றுவதை எப்படிச் சொல்வார்கள்? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அதையும் பார்த்துவிட்டு இரண்டு சொற்களையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து