.223 கூட்டில் பிரைமர் பாதியில் நிற்கிறது, டூலை மாற்றணுமா?

கேள்வி:
டெக்சாஸ்ல இருக்கேன், ரீலோடிங் (சுட்ட கூடுகள்ல மறுபடி தோட்டா செய்யறது) எனக்குப் புதுசு. ஏ.ஆர்-15 ரைஃபிளுக்கு .223 ரெமிங்டன் தோட்டா செய்யறேன். ரேஞ்ச்ல பொறுக்கின பித்தளைக் கூடுகள்தான். சைஸ் பண்ணி (பழைய அளவுக்கு அழுத்தி), பழைய பிரைமரை (மருந்தைப் பத்தவைக்க கூட்டோட அடியில இருக்கற சின்ன வெடிமூடி) தள்ளி எடுத்தாச்சு. சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸோட (ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் செய்யற லிவர் கருவி) வந்த பிரைமிங் ஆர்ம்ல புதுசு வைக்கிறேன். சில கூட்டுல சுலபமா இறங்குது, சிலதுல பாதியில நின்னு ஓரம் நசுங்குது. ஸ்மால் ரைஃபிள் பிரைமர்தான். கையால அழுத்தி பிரைமர் வைக்கிற ஹேண்ட் டூல் வாங்கினா சரியாகுமா?

பதில் 1:
தம்பி, நின்ன பிரைமரை மேற்கொண்டு அழுத்தவே அழுத்தாதீங்க. வெடிச்சா கண்ணு போயிடும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாம அந்த மேஜைல உட்காராதீங்க. நிக்கிற கூடுகளோட அடியில ‘எல்.சி.’ எழுத்தோ, வட்டத்துக்குள்ள சிலுவையோ இருக்கா?

கேட்டவர்:
ரெண்டுமே இருக்குண்ணே. பாக்கெட் (பிரைமர் உட்கார்ற குழி) வாயைச் சுத்தி வளையமா ஒரு அழுத்துத் தடமும் தெரியுது.

பதில் 1:
அப்போ டூல்ல கோளாறு இல்ல. அது ராணுவக் கூடு, மிசௌரி லேக் சிட்டி ஆலையில செஞ்சது. சுடும்போது பிரைமர் கழண்டு துப்பாக்கிக்குள்ள சிக்கிடக் கூடாதுன்னு விளிம்பை உள்பக்கமா அழுத்தி கிரிம்ப் பண்ணியிருப்பாங்க. பழைய பிரைமர் வெளியே வந்த பிறகும் அந்தப் பிதுக்கம் அப்படியே இருக்கும். ரீமர்ங்கற சீவற கருவியால சீவலாம், இல்ல ஸ்வேஜ் பண்ணி, அதாவது அழுத்தி, விரிக்கலாம். ஒரு கூட்டுக்கு ஒரு தடவை செஞ்சா போதும். ரீமர் மலிவு, ஆனா கூடுதலா சீவிட்டா பாக்கெட் தளர்ந்து பிரைமர் நிக்காது. நிறைய கூடு இருந்தா டில்லன் சூப்பர் ஸ்வேஜ் 600 மாதிரி பெஞ்ச் டூல் நல்லது. அதுல ஒரு கம்பி கூட்டை உள்ளேயிருந்து தாங்கும். கம்பெனிக்குக் கம்பெனி கூட்டோட அடித் தடிமன் மாறும், அதனால முத்திரை வாரியா பிரிச்சு வெச்சுட்டு செட் பண்ணுங்க.

பதில் 2:
கிரிம்ப்பை எடுத்த பிறகு ஹேண்ட் டூல் வாங்குங்க, நான் அதைத்தான் விரும்புவேன். பிரைமர் அடியைத் தொடறது விரல்லயே தெரியும், பிரஸ் லிவர்ல அவ்வளவு தெரியாது. கூட்டோட அடிமட்டத்துக்கு 0.003–0.005 அங்குலம் கீழே உட்காரணும். ஒவ்வொண்ணையும் விரலால தடவிப் பாருங்க, மேடு தட்டவே கூடாது. ஏ.ஆர்-15 ஃபயரிங் பின்னுக்கு (பிரைமரை அடிக்கிற ஊசி) ஸ்பிரிங் கிடையாது. போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால மூடிப் பூட்டற பாகம்) மூடும்போது அதுவே லேசா முன்னால போய் பிரைமரைத் தொடும். பிரைமர் மேடா இருந்தா போல்ட் பூட்டறதுக்குள்ளயே வெடிக்கலாம்.

கேட்டவர்:
ரீமரே வாங்கறேன். பாதியில நின்ன கூடுகளை என்ன பண்றது?

பதில் 2:
மருந்து போடாதீங்க, துப்பாக்கியிலயும் ஏத்தாதீங்க. எண்ணெய்ல ஊறினா பிரைமர் செத்துடும்னு சொல்வாங்க, அதை நம்பாதீங்க. தனி டப்பாவில லேபிள் ஒட்டி வெச்சு, உங்க கவுன்ட்டி ஷெரிஃப் ஆபீஸ்ல வாங்கிப்பாங்களான்னு முதல்ல போன் பண்ணிக் கேளுங்க.