மூடுபாறையா, அடைபாறையா?

> நிலத்தடிக் கரியமில வாயுத் தேக்கத்துக்கு மேலே இருக்கும் பாறையை 'மூடுபாறை' என்று கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாமா?

வணக்கம் ஐயா,

'அடைபாறை' என்று வைப்பதே சரி என்பது என் கருத்து. வாயுவைப் பொதுவாக 800 மீட்டருக்குக் கீழே, உப்புநீர் நிறைந்த மணற்கல் போன்ற துளைப்பாறைக்குள் செலுத்துகிறார்கள். அந்த ஆழத்தில் வெப்பம் 31 பாகை செல்சியஸையும் அழுத்தம் 74 பாரையும் தாண்டிவிடுவதால் வாயு நன்றாக அடர்ந்து சிறிய இடத்தில் அடங்கிவிடும். ஆனாலும் உப்புநீரைவிட எடை குறைவு. மணற்கல் துளைகளில் உள்ள நீரை விலக்கிக்கொண்டு மேலேறும். மேலே களிப்பாறையின் துளைகள் மிக நுண்ணியவை, நீர் நிறைந்தவை. அந்த நீரைத் தள்ளும் அழுத்தம் வராதவரை வாயு நுழையாது.

மூடுவதற்கும் அடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நார்வேயின் ஸ்லைப்னர் களத்தில் பார்க்கலாம். 1996 முதல் அங்கே கடலடி உட்சிரா மணற்கல்லில் வாயுவைச் செலுத்துகிறார்கள், தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன். மணற்கல்லுக்குள்ளேயே மெல்லிய களிப்பாறை அடுக்குகள் உண்டு. அவையும் மூடித்தான் இருக்கின்றன. வாயுவோ ஒவ்வொன்றின் அடியிலும் பரவிவிட்டு அடுத்ததற்கு ஏறிவிட்டது. செயற்கை நில அதிர்வு அலைகளால் எடுத்த படங்களில் இது தெளிவாகத் தெரிகிறது. அதை நிறுத்தியது உச்சியிலுள்ள தடித்த களிப்பாறைதான். 'அடைபாறை' என்ற பெயர் அதற்கு மட்டுமே உரியது.

> 'அடைப்பு' என்றால் கிணற்றடியில் துளைகள் அடைபடுவதோடு குழம்பாதா?

குழம்பாது, அதற்குத் தனிச்சொல் வைத்தால். உலர்ந்த வாயு உப்புநீரை ஆவியாக்க, உப்பு படிந்து துளைகள் அடைபடும். 2008-இல் தொடங்கிய நார்வேயின் ஸ்னூவிட் களத்தில் இப்படி நேர்ந்தபோது கிளைக்கால் என்ற வேதி நீர்மமும் நீரும் கலந்து செலுத்திக் கரைத்தார்கள். இதை 'உப்படைப்பு' எனலாம். அதன் பிறகும் அங்கே அழுத்தம் ஏறியது வேறு காரணத்தால்: வாயு பரவ மணற்கல்லில் போதிய வழியில்லை. 2011-இல் வேறு அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று.

வரையறையில் ஒன்றை விட்டுவிடக் கூடாது: எவ்வளவு நல்ல அடைபாறைக்கும் விரிசல் அழுத்தம் (பாறை பிளக்கத் தொடங்கும் அழுத்தம்) என்று ஓர் எல்லை உண்டு. அல்ஜீரியாவின் இன் சலா களத்தில் வாயுவைச் செலுத்தியபோது தரை மில்லிமீட்டர் கணக்கில் உயர்வதைச் செயற்கைக்கோள் ரேடார் காட்டியது. விரிசல் அடைபாறையின் கீழ்ப்பகுதிக்கு எட்டியிருக்கலாம் என்ற கவலையில் 2011-இல் செலுத்துவதை நிறுத்தினார்கள். ஆகவே 'விரிசல் அழுத்தத்துக்கு உட்பட்டு' என்ற தொடரையும் சேர்த்து எழுதுங்கள்.